கட்டணம் உயரும் முன் வெள்ளயம்பலத்துக்கு ஒரு கடிதம்

கரண்ட் பில் கைக்கு வந்த பிறகு செக்‌ஷன் ஆபீஸில் நின்று சத்தம் போட்டால் ஒரு பைசா குறையாது. கேரளத்தில் மின் கட்டணத்தை முடிவு செய்வது கே.எஸ்.இ.பி. (கேரள மாநில மின்வாரியம்) அல்ல, அது மனுப் போடும் தரப்பு. முடிவெடுப்பது, திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் இருக்கும் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்துத்தான், மனு கிடைத்த 120 நாட்களுக்குள் அது உத்தரவிட வேண்டும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்வது இது. இந்த இடைவெளிக்குள் நம் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

முதல் வேலை, அறிவிப்பைத் தவறவிடாமல் பார்ப்பது. மனுவின் சுருக்கம் நாளிதழில் வரும். முழு மனு ஆணையத்தின் இணையதளத்தில் கிடைக்கும். மலையாளப் பத்திரிகை புரட்டுபவர்கள் ‘கரடு’ (வரைவு), ‘தெளிவெடுப்பு’ (விசாரணை) என்ற இரண்டு சொற்களைப் பார்த்தால் நின்று படியுங்கள். மனு எண்ணையும் கடைசி தேதியையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள்.

வருவதெல்லாம் கட்டண மனு அல்ல. வரைவு விதிமுறைகளும் வரும். அவற்றை முன்கூட்டியே வெளியிட்டுக் கருத்துக் கேட்டாக வேண்டும். 2025இல் வந்த புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வரைவு, மாடியில் சோலார் வைத்தவர்களின் நெட் மீட்டரிங் (லைனுக்குக் கொடுத்த யூனிட்டைப் பில்லில் கழிக்கும் முறை) வரம்பை 3 கிலோவாட்டாகச் சுருக்கப் பார்த்தது. எதிர்ப்பு குவிந்தது, இறுதி விதிமுறையில் வரம்பு உயர்ந்தது.

அடுத்தது வாசிப்பு. மனு நூற்றுக்கணக்கான பக்கம் போகும். முழுவதும் படிக்க முயன்றால் பாதியில் விட்டுவிடுவீர்கள். உத்தேசக் கட்டண அட்டவணையில் உங்கள் பிரிவைத் தேடுங்கள். கையில் பழைய பில்லை வைத்துக்கொண்டு புதிய கட்டணத்தில் கணக்குப் போடுங்கள். வீட்டு இணைப்புக்கு மாதம் 250 யூனிட் வரை டெலஸ்கோப்பிக் முறை: முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை, பிறகு படிப்படியாக ஏறும். அதைத் தாண்டினால் மொத்த யூனிட்டுக்கும் ஒரே உயர்ந்த விலை. பில் இரண்டு மாதத்துக்கு வருவதால் அந்தக் கோடு 500 யூனிட். கூட்டுக் குடும்பம் ஒரே மீட்டரில் ஓடும் வீட்டுக்கு இது எவ்வளவு வலி என்பதைக் காட்ட உங்கள் பில்லே போதும்.

இனி எழுதுவது. ஆணையத்தின் செயலர் பெயருக்கு, ஒன்றிரண்டு பக்கம். மேலே மனு எண். பிறகு உங்கள் பெயர், முகவரி, கன்ஸ்யூமர் நம்பர். எந்தப் பத்தியை எதிர்க்கிறீர்கள், ஏன், அதற்குப் பதில் என்ன வேண்டும் என்று இந்த வரிசையிலேயே எழுதுங்கள். ‘ஏழைகள் பாதிக்கப்படுவார்கள்’ என்ற வரி எல்லாக் கடிதத்திலும் இருக்கும். ‘இந்தப் பக்கத்தில் காட்டிய செலவு கடந்த உத்தரவில் அனுமதித்ததைவிட இவ்வளவு அதிகம், காரணம் என்ன?’ என்று கேட்டால் கே.எஸ்.இ.பி. பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தமிழில் எழுதலாமா? 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழ்ச் சிறுபான்மையினர் தமிழிலேயே எழுத வழி தந்திருக்கிறது. ஆணையமோ நீதிமன்றம் போலச் செயல்படும் தனி அமைப்பு. ஆகவே மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியைச் சேர்த்து அனுப்புவதே புத்திசாலித்தனம்.

நேரில் பேச விருப்பமா? 2024 செப்டம்பரில் கே.எஸ்.இ.பி.யின் கட்டண மனு மீது கோழிக்கோடு, பாலக்காடு, எர்ணாகுளம், திருவனந்தபுரம் என நான்கு ஊர்களில் விசாரணை நடந்தது. வக்கீல் வேண்டாம். கடிதத்தின் வலுவான ஒரு புள்ளியை மட்டும் சொல்லி, எழுத்துப் பிரதியைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். மேடைப் பேச்சு அங்கே எடுபடாது. அந்த டிசம்பரில் வந்த உத்தரவில் சராசரி உயர்வு யூனிட்டுக்கு 16 பைசா. கோடை மாதங்களுக்குக் கேட்ட கூடுதல் 10 பைசா தள்ளுபடி ஆனது.

உத்தரவு திருப்தி தராவிட்டால் 45 நாட்களுக்குள் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். விதிமுறையையே எதிர்ப்பதென்றால் அங்கே முடியாது; உயர் நீதிமன்றத்தில்தான் வழக்குப் போட வேண்டும். அதற்கு ஆகும் செலவையும் அலைச்சலையும் பார்த்தால், கடைசி தேதிக்கு முன் ஒரு தபால்தலை ஒட்டுவது எவ்வளவோ மேல்.