டாக்டரைப் பார்க்கும் முன்: உதவியாளர்களுக்கு ஒரு பாடம்



நமது டிரஸ்டின் இலவச மருத்துவ முகாமில் உதவும் பிள்ளைகளுக்காகவும், வீட்டுப் பெரியவர்களை அழைத்து வருபவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

சென்ற முகாமில் மாடிப்படி ஏறி வந்த ஒரு பெரியம்மாவுக்கு, உட்கார்ந்தவுடனேயே பிரஷர் பார்த்து 170 என்று சீட்டில் எழுதிவிட்டோம். டாக்டர் சந்தேகப்பட்டு, சற்று அமரவைத்து மறுபடி பார்த்தபோது 138. முதல் எண்ணை நம்பியிருந்தால் மாத்திரை கூடியிருக்கும். தஹஜ்ஜுதுக்கு எழும்போது தலைசுற்றி விழுந்திருக்கவும் கூடும். நாம் எழுதும் ஓர் எண்ணில் இவ்வளவு இருக்கிறது.

பிரஷர்: டீ, காபி, பீடி, சிகரெட் முடித்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். முதுகு சாய்ந்து, கால் மேல் கால் போடாமல், 5 நிமிடம் அமரட்டும். கை நெஞ்சு மட்டத்தில் இருக்கட்டும். பார்க்கும்போது நீங்களும் பேசாதீர்கள், அவரும் பேச வேண்டாம். புர்காவின் மேல் பட்டையைக் கட்டினால் அளவு சரியாக வராது. பெண்களுக்குத் திரைக்குள் சகோதரிகளே பார்க்கட்டும்.

சுகர்: வெறும் வயிற்றுப் பரிசோதனை என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் கூடாது. "டீ மட்டும் குடித்தேன்" என்பவரைக் கடிந்துகொள்ளாதீர்கள். அதைச் சீட்டில் எழுதுங்கள். நோன்பு வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல.

மாத்திரை: "சின்ன வெள்ளை மாத்திரை" என்றால் யாருக்கும் விளங்காது. வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் கொண்டுவரச் சொல்லுங்கள். இரண்டு டாக்டர்கள் எழுதிய ஒரே மருந்து, வேறு வேறு பெயரில் அந்தப் பைக்குள் இருக்கலாம். ஒவ்வாத மருந்து எதுவும் உண்டா என்று கேட்டு முதல் வரியில் குறியுங்கள்.

பேச்சு: நோயாளியைப் பேச விடுங்கள். மகன் முன்னால் சொல்லக் கூசும் உம்மாவிடம் தனியாகக் கேளுங்கள்.

நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று வாய் கோணல், வியர்த்து நடுக்கம் என்றால் டோக்கன் வரிசை பார்க்காதீர்கள். உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. அங்கே கேட்டதும் பார்த்ததும் அமானத். தெருவிலோ, பள்ளிவாசல் திண்ணையிலோ, வாட்ஸ்அப்பிலோ அதைப் பேசாதீர்கள். அந்த நம்பிக்கை போனால், அடுத்த முகாமுக்கு அவர் வரமாட்டார்.