கேக் வாங்கவில்லையே!

மும்பை தாராவியில் ஓர் அக்கா இட்லி விற்கிறார். ஒருநாள் மளிகைக் கடைப் பில்லை எழுத்துக் கூட்டிப் படித்தார். ஆங்கிலப் பில் அது.

ரைஸ் – 10 கிலோ
கோக்கனட்ஸ் – 6
சோப் – 3 கேக்ஸ்

“நான் கேக் வாங்கவில்லையே! காசு போட்டிருக்கிறார்களே!” என்றார். பள்ளியில் படிக்கும் மகள் சிரித்தாள்.

“இங்கே கேக் என்றால் சோப்புக் கட்டி அம்மா.”

தேங்காயை நாம் எண்ணுகிறோம். அரிசியை எண்ணுவோமா? படியால் அளப்போம், தராசில் நிறுப்போம். ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஒரு தேங்காய் கோக்கனட். பல தேங்காய் கோக்கனட்ஸ். கடைசியில் ‘ஸ்’ சேரும். ரைஸ், மில்க், சால்ட் இவற்றை எண்ண முடியாது. அதனால் ‘ஸ்’ சேராது. ரைஸில் ‘ஸ்’ கேட்கிறதே என்பீர்கள். அது சொல்லோடு பிறந்தது. ஒரு பிடி அரிசியும் ரைஸ்தான், ஒரு மூட்டையும் ரைஸ்தான்.

சோப்பில்தான் சிக்கல். நாம் இரண்டு சோப்பு என்று எண்ணுவோம். ஆங்கிலத்தில் சோப் எண்ணும் சொல் அல்ல. கட்டியைத்தான் எண்ணுவார்கள். பிரட்டும் அப்படியே. எண்ணுவது துண்டுகளை. ஒரு துண்டு, ஸ்லைஸ்.

மருந்துச் சீட்டில் கவனம் வேண்டும். டேப்லெட்ஸ் – 10 என்றால் பத்து மாத்திரை. எண்ணி வாங்குங்கள். சிரப் – 5 மி.லி. என்றால் ஐந்து மூடி அல்ல, ஐந்து கரண்டியும் அல்ல. அளவு மூடியில் 5 என்ற கோடு வரை மட்டும் ஊற்றுங்கள்.

அக்கா பையைக் கவிழ்த்தார். தேங்காய் ஆறு. சோப்புக் கட்டி இரண்டே இரண்டு! பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.