விடியல் உனக்கு, இரவு அவருக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். பிப்ரவரியில் நீயும் மாப்பிள்ளையும் ஜப்பான் போகத் தீர்மானித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். உனக்குப் படம் எடுக்க வேண்டும், அவருக்கு வகைவகையாகச் சாப்பிட வேண்டும், ஒரே பயணத்தில் இரண்டுக்கும் எப்படி இடம் பண்ணுவது என்று கேட்டிருந்தாய். எங்கள் வீட்டிலும் இதே வழக்குதான், கட்சிதான் மாறியிருக்கிறது: கேமரா உன் சித்தப்பாவுடையது, தட்டு என்னுடையது. கோடையில் போனால் இந்த வழக்கு தீரவே தீராது. மாலை ஏழு மணிக்கு வெளிச்சம் பொன்னாக இறங்கும், அதே நேரத்தில் எனக்குப் பசி உயிர் போகும். குளிர்காலத்தில் அந்தத் தகராறைச் சூரியனே தீர்த்துவைத்துவிடுகிறது.

ஹொக்கைடோ தீவின் கிழக்கே இருக்கும் குஷிரோவில் டிசம்பர் கடைசியில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். பிப்ரவரித் தொடக்கத்தில் நாலரை மணிவாக்கில். அதற்குப் பிறகு கேமராவுக்கு வெளியே பெரிய வேலை இல்லை. சாப்பிடுகிறவருக்கோ முழு இரவும் கையில் இருக்கிறது. விடியல் உனக்கு, இரவு அவருக்கு. இந்த ஒப்பந்தத்தைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். விடியற்காலை நாலரைக்கு எழுப்பினால் அவர் முகம் சுளிக்கக் கூடாது. இரவு நண்டுக் கடையில் உட்கார்ந்துவிட்டால் நீ கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது.

நீ அனுப்பிய ஊர்ப் பட்டியலில் பாதியை அடித்துவிடு. டோக்கியோ, கியோட்டோ, ஷிரகவாகோ, நகானோவின் குரங்குகள், ஹொக்கைடோ என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்கக் கிளம்பினால் ரயில் பெட்டியைத்தான் பார்ப்பாய். ஷிரகவாகோவின் ஓலைக்கூரை வீடுகளுக்கு விளக்கேற்றும் இரவுகளில் முன்பதிவு இல்லாமல் போக முடியாது. வெந்நீர்க் குளத்தில் உட்காரும் குரங்கு 1970லேயே 'லைஃப்' பத்திரிகையின் அட்டைக்கு வந்துவிட்டது. அதில் நீ புதிதாகச் சேர்க்க ஒன்றும் மிச்சமில்லை என்பது என் கட்சி. சித்தப்பா ஒத்துக்கொள்ளமாட்டார். சப்போரோ, பியேய், குஷிரோ, மூன்றே ஊர் போதும்.

இந்த மூன்றைச் சொல்லக் காரணம் இருக்கிறது. குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து வரும் வறண்ட காற்று, ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொள்கிறது. தீவின் மலைகளில் மோதியதும் அதைப் பனியாகக் கொட்டிவிடுகிறது. அதனால்தான் மேற்கே உள்ள சப்போரோவில் ஒரு பருவத்துக்குச் சுமார் 5 மீட்டர் பனி பொழிகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே போவதற்குள் காற்றில் ஈரம் தீர்ந்துபோகும். குஷிரோவில் பனி குறைவு, வானம் தெளிவு, குளிர்தான் எலும்புவரை போகும். பொழிகிற பனி படத்தில் வேண்டுமென்றால் மேற்கு, மாசற்ற விடியல் வேண்டுமென்றால் கிழக்கு.

முதலில் பியேய். அசாஹிகாவாவிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். ஏறி இறங்கும் வயல்மேடுகளும் அங்கங்கே ஒற்றை மரங்களும்தான் ஊர். அதைப் புகைப்படங்களால் நாடறியச் செய்தவர் மாஏதா ஷின்ஸோ. 1987இல் அவர் அங்கே திறந்த தகுஷின்கான் காட்சிக்கூடத்தைக் கேமராவைத் தொடும் முன்பே பார்த்துவிடு. உன் பட்டியலில் இருக்கும் 'நீலக் குளம்' குளிர்காலத்தில் உறைந்து பனிக்கடியில் கிடக்கும். இரவில் விளக்குப் போடுகிறார்கள், ஆனால் நீ படங்களில் பார்த்த அந்த நீலத்தை பிப்ரவரியில் தேடாதே.

பனியைப் பார்த்தால் கேமரா குழம்பிவிடும். கண்ணில் படுவதை எல்லாம் நடுத்தரச் சாம்பலாகக் கணக்குப் போடுவது அதன் வழக்கம். அதன் போக்கில் விட்டால் வெள்ளை வயல் அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப்பிலிருந்து ஒன்றரை வரை கூட்டு, ஹிஸ்டோகிராம் வலது சுவரில் முட்டாமல் பார்த்துக்கொள். பனி பொழியும்போது ஷட்டர் வேகம் 1/250 என்றால் செதில்கள் புள்ளியாக நிற்கும், 1/30 என்றால் கோடாக இழுபடும். எது வேண்டும் என்பது உன் விருப்பம். எனக்குப் புள்ளிதான் பிடிக்கும். மேகமூட்டமான நாளை வீண் என்று விட்டுவிடாதே. வானமும் வயலும் ஒரே வெள்ளையாகி, மரம் மட்டும் கறுப்பாக நிற்பது அந்த நாளில்தான்.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். அந்த வெள்ளை மேடு ஒரு விவசாயியின் வயல். பனிக்கடியில் இலையுதிர் காலத்தில் விதைத்த கோதுமை இருக்கலாம். செருப்போடு வரும் மண்ணில் பயிர்நோயும் வரும். பியேயில் எல்லோரும் படம் எடுத்த 'தத்துவஞானி மரம்' என்ற பாப்லர் 2016இல் வெட்டப்பட்டது. மரம் நோயுற்றுச் சாய்ந்திருந்தது உண்மை. ஆனால் வயலுக்குள் இறங்கும் கூட்டத்தைச் சொல்லிச் சொல்லி உரிமையாளர் சலித்துப்போயிருந்தார் என்பதும் உண்மை. 2025 ஜனவரியில் வேறொரு இடத்தில் ஒரு வரிசை பிர்ச் மரங்களும் போய்விட்டன. நிழல் பயிரைக் கெடுக்கிறது என்பதோடு கூட்ட நெரிசலும் காரணம். தார்ச் சாலையை விட்டு ஓர் அடிகூட இறங்காதே. சாலையிலிருந்து கிடைக்காத படம் உனக்கு வேண்டாம்.

அடுத்தது குஷிரோ. சப்போரோவிலிருந்து 'ஓசோரா' விரைவு ரயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து ட்சுருய் கிராமம். செந்தலைக் கொக்குகள் ஜப்பானில் அழிந்துவிட்டன என்று நினைத்திருந்த காலத்தில், 1924இல் குஷிரோ சதுப்பில் சில தப்பியிருப்பது தெரியவந்தது. 1952இல் எண்ணியபோது 33தான். அந்தக் கடுங்குளிரில் ஊர்க்காரர்கள் மக்காச்சோளம் போட ஆரம்பித்தார்கள். இன்று ஆயிரத்துக்கும் மேல். தலையில் இருக்கும் சிவப்பு இறகு இல்லை, வெறும் தோல். டெலிபோட்டோ லென்ஸில் பார்த்தால் அதன் சொரசொரப்பே தெரியும்.

விடியும் முன் ஓத்தோவா பாலத்துக்குப் போ. ஆற்றில் ஊற்று நீர் சேர்வதால் அது உறைவதில்லை. நரியிடமிருந்து தப்பக் கொக்குகள் ஆழமில்லாத அந்தத் தண்ணீரில் நின்றபடி தூங்கும். காற்று மைனஸ் 20க்கு இறங்கினால் தண்ணீர் அதைவிடச் சூடு, ஆகவே ஆறு முழுக்க ஆவி எழும். கரையோர மரக்கிளைகளில் அது உறைந்து ஒட்டும். வெயில் வந்து கொஞ்ச நேரத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும். குளிர் போதாத நாளில் மூடுபனியே இருக்காது. அதற்காகவே குஷிரோவில் இரவுகளைத் தாராளமாக ஒதுக்கு. பாலத்தில் முக்காலி வரிசை இருக்கும். பின்னால் வந்தால் பின்னால்தான் நிற்க வேண்டும், முண்டக் கூடாது.

கைக்கு மெல்லிய உறை ஒன்று, அதன்மேல் கனமான உறை ஒன்று. முக்காலியின் உலோகக் காலை வெறுங்கையால் தொடாதே. பட்டரிகளை உள்சட்டைப் பையில் வை. குளிரில் பாதி இருக்கும்போதே தீர்ந்துவிட்டதாகக் காட்டும், உடம்புச் சூட்டில் வைத்தால் மறுபடி உயிர் வரும். 'கைரோ' என்ற சூட்டுப் பொட்டலம் எந்த கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும்; தோலில் நேராக ஒட்டினால் புண்ணாகும், உடைமேல் ஒட்டு. மாப்பிள்ளைக்கும் இரண்டு கொடு, காத்திருப்பவருக்குத்தான் குளிர் அதிகம்.

இனி சாப்பிடுகிற எங்கள் பக்கத்துக்கு வருவோம். வெளியே மைனஸ் 10இல் இருந்த லென்ஸை ராமென் கடைக்குள் கொண்டுபோனால் கண்ணாடி முழுக்க நீர் பூத்துவிடும். துடைக்கத் துடைக்க வரும், உள்ளேயும் இறங்கும். எனவே கதவைத் தள்ளும் முன்பே கேமராவை ஜிப் பைக்குள் போட்டு, காற்றைப் பிதுக்கி மூடிவிடு. மெமரி கார்டையும் பட்டரியையும் அதற்கு முன்பே வெளியே எடுத்துக்கொள், இராத்திரி படம் பார்க்க வசதி. கேமரா அறைச்சூட்டுக்கு வர ஓரிரு மணி நேரம் ஆகும். சாப்பாட்டை எதில் எடுப்பது என்றால் போனில்தான். உள்பையில் கதகதப்பாக இருந்த போனில் நீர் பூக்காது. உன்னைப் போன்றவர்கள் மேசையில் கேமராவை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் கிண்ணத்தைச் சுற்றிவருவதற்கு இயற்கையே போட்ட தடை இது.

சப்போரோவின் மிசோ ராமென் 1950களில் 'அஜி நோ சான்பெய்' என்ற கடையில் பிறந்தது. நல்ல கடைகளில் சூப்பின்மேல் பன்றிக்கொழுப்பு ஒரு படலமாக மிதந்து சூட்டை மூடிவைத்திருக்கும். ஆவி வரவில்லையே என்று வாயில் வைத்தால் நாக்கு வெந்துபோகும். படத்துக்கும் அதுதான் சிக்கல்: ஆவி இல்லாத கிண்ணம் படத்தில் ஆறியதுபோல் தெரியும். நூடுல்ஸைக் குச்சியால் தூக்கு, படலம் கிழிந்து ஆவி பொங்கும், அந்தக் கணம் அழுத்து. மூன்று படம், அதற்குமேல் வேண்டாம், நூடுல்ஸ் ஊறிவிடும். ஆவி தெரிய வேண்டுமானால் விளக்கு கிண்ணத்துக்குப் பின்னால், பின்னணி இருட்டாக இருக்கட்டும். எடுக்கும் முன் "ஷாஷின், ஈ தெஸ் கா?" என்று கேட்டுவிடு, சில கடைகளில் அனுமதி இல்லை. சுஷி கவுண்டரில் கேட்டாலும் ஒன்றே ஒன்று எடு. செய்து வைத்தவர் உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சூப் கறியை மாப்பிள்ளை விடவே கூடாது. 1970களில் சப்போரோவில் தொடங்கியது. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் நிற்கும் மசாலா நீரில் முழுக் கோழிக்கால், பூசணி, தாமரைக்கிழங்கு, உருளை. சோறு தனித்தட்டில் வரும், கரண்டியில் எடுத்துச் சூப்பில் நனைத்துச் சாப்பிட வேண்டும். ஜிங்கிஸ்கான் என்ற ஆட்டிறைச்சி வறுவலுக்குப் போகும்போது நல்ல ஜாக்கெட்டைக் கடைக்காரர் தரும் பிளாஸ்டிக் பைக்குள் போட்டுவிடு, வாசனை ஊர் வந்து சேரும்வரை விடாது. ஷகோட்டான் கடற்கரையின் உனி என்ற கடல்முள்ளெலி கோடைக்குரியது, இப்போது கேட்காதே. இப்போதைக்கு நண்டு, அக்கேஷிச் சிப்பி, காட் மீன். குஷிரோவின் வாஷோ சந்தையில் ஒரு கிண்ணம் சோறு வாங்கிக்கொண்டு, கடை கடையாகப் போய் வேண்டிய மீன் துண்டுகளை நாமே பொறுக்கி மேலே வைத்துக்கொள்ளலாம். என் மனத்தில் ஜப்பான் என்றால் முதலில் வருவது அந்தக் கிண்ணம்தான்.

மாப்பிள்ளை செவ்வாய், வெள்ளி சைவம் என்று உன் அம்மா சொன்னாள். அங்கே அது சுலபம் இல்லை. மிசோ சூப், சோபா, டெம்புராவுக்குத் தரும் தொட்டுக்கை என்று எல்லாவற்றிலும் அடியில் கட்சுவோபுஷி இருக்கும்: சூரை மீனை வேகவைத்துப் புகைபோட்டு உலர்த்திச் சீவியது, நம் மாசிக் கருவாட்டுக்கு நெருங்கிய உறவு. அதனுடன் சேர்வது கோம்பு கடற்பாசி, ஜப்பானின் கோம்புவில் பெரும்பகுதி ஹொக்கைடோவில் விளைவதுதான். 1908இல் இகெதா கிகுனாயே கோம்புவிலிருந்துதான் குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்தார். மறு வருடமே அது அஜினோமோட்டோ என்று கடைக்கு வந்தது, நம் ஊர் ஃப்ரைட் ரைஸ் வண்டிவரை வந்துவிட்டது. ஆகவே அந்த இரண்டு நாளும் உப்பு மட்டும் போட்ட சோற்றுருண்டை, வெண்ணெய் போட்ட உருளைக்கிழங்கு, சுட்ட சர்க்கரைவள்ளி, பால், ரொட்டி என்று ஓட்டட்டும். ஹொக்கைடோ பாலும் வெண்ணெயும் அதற்கு ஈடு கட்டிவிடும்.

கார் வாடகைக்கு எடுக்க சித்தப்பா யோசனை சொல்வார், கேட்காதே. நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சர்வதேச லைசென்ஸும் செல்லும். ஆனால் கண்ணாடிபோல் உறைந்த சாலையில் பழகாதவர் கைவைக்கக் கூடாது. பியேயில் சுற்றுலாப் பேருந்து இருக்கிறது, ட்சுருய்க்கு விடுதிக்காரர்களிடமே கேட்டு வண்டி ஏற்பாடு செய்துகொள். பெட்டிகளைத் தக்யூபின் என்ற கூரியரில் அடுத்த விடுதிக்கு அனுப்பிவிடு. பனியில் சக்கரம் உருளாது. சப்போரோ பனித் திருவிழா பிப்ரவரித் தொடக்கத்தில்தான், அறை வாடகை அப்போது ஏறிக்கிடக்கும். தேதியை ஒரு வாரம் தள்ளிப்போட்டால் பணமும் மிச்சம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் நம் ஒப்பந்தம் தேவைப்படாது. குளிர்காலத்தில் குஷிரோவுக்கும் ஷிபெச்சாவுக்கும் இடையே சதுப்பு நிலம் வழியாக ஒரு நீராவி ரயில் விடுகிறார்கள், சி11 எஞ்சின். குளிரில் நீராவி வெள்ளைவெளேரென்று பெரிதாக விரியும், உனக்கு அது போதும். பெட்டிக்குள் கரி ஸ்டோவ் இருக்கும். உலர்ந்த கணவாயை வாங்கி அதன்மேல் வைத்துச் சுட்டுச் சாப்பிடலாம், அவருக்கு அது போதும். எந்தெந்த நாளில் ஓடுகிறது என்பதை ஜேஆர் ரயில்வேயின் அறிவிப்பில் பார்த்துக்கொள். முன்பதிவு சரியாக ஒரு மாதம் முன்பு ஜப்பான் நேரம் காலை பத்து மணிக்குத் திறக்கும், நமக்கு ஆறரை. ஜன்னலோரமும் ஸ்டோவுக்குப் பக்கமும் ஒன்றாகக் கிடைப்பது கஷ்டம் என்பதால் இருவரும் ஆளுக்கொரு போனில் முயற்சி செய்யுங்கள்.

அன்புடன்,
சித்தி