ரிங் வாங்கும் முன் போரை அளந்து பாருங்கள்

பழைய கார் இன்ஜின்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: என்னிடம் 1967-ஆம் ஆண்டு எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. ஏற்றத்தில் நீலப் புகை தள்ளுகிறது, பிக்கப்பும் குறைந்துவிட்டது. கம்ப்ரஷன் பார்த்ததில் மூன்று சிலிண்டர்கள் 150 பி.எஸ்.ஐ. பக்கம் காட்டின, 3-ஆவது மட்டும் 110-தான். ‘ரிங் செட் மாற்றினால் சரியாகிவிடும்’ என்கிறார் மெக்கானிக். மாற்றிவிடலாமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதே வேண்டாம். 110 என்றால் எங்கோ கசிகிறது என்றுதான் அர்த்தம். ரிங்கிலா, வால்விலா, ஹெட் கேஸ்கெட்டிலா என்பது அதில் தெரியாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது நான்கு பிளக்குகளையும் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி இன்னொரு முறை பாருங்கள். பிறகு 3-ஆவது சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டுப் பாருங்கள். அளவு நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறவே இல்லை என்றால் வால்வையும் கேஸ்கெட்டையும் கவனியுங்கள்.

கம்ப்ரஸர் வசதி இருந்தால் இன்னும் தெளிவாகத் தெரிந்துவிடும். அந்த பிஸ்டனை கம்ப்ரஷன் முடிவில் மேலே நிறுத்தி, வண்டி நகராதபடி பார்த்துக்கொண்டு, பிளக் துவாரம் வழியாகக் காற்றை விடுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட் வால்வு, சைலன்ஸரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

புகையும் ஒரு துப்பு கொடுக்கிறது. இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு மறுபடி மிதிக்கும்போது மட்டும் புகைந்தால் பெரும்பாலும் வால்வு கைடு. ஏற்றத்தில் விடாமல் புகைகிறது என்கிறீர்கள்; எனக்கும் ரிங், போர் மேல்தான் சந்தேகம். ஆனால் அதனாலேயே ரிங் மட்டும் மாற்றுவது வீண் செலவாகலாம். எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. இன்ஜினில் தனி லைனர் கிடையாது. வார்ப்பிரும்பு பிளாக்கிலேயே துளைத்த போரில்தான் பிஸ்டன் ஓடுகிறது. அந்தப் போர் வட்டம் கெட்டிருந்தால் வட்டமான புது ரிங் சுற்றிலும் ஒட்டாது. கொஞ்ச நாளில் பழையபடி ஆயில் குடிக்கத் தொடங்கிவிடும்.

கேள்வி: போர் தேய்ந்திருப்பதை விரலால் தடவியே சொல்லிவிடலாம் என்கிறார்கள். போதுமா? – வாசகி, திருச்சி

பதில்: மேல் விளிம்பில் நகத்தில் தட்டும் படியை விரல் கண்டுபிடிக்கும். தேய்மானம் எத்தனை தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று சொல்லாது.

மேல் ரிங் திரும்பும் இடத்துக்குச் சற்றுக் கீழேதான் போர் அதிகம் தேயும். வெடிப்பின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு நெருக்குவது அங்கேதான். சூடு அதிகம், ஆயில் குறைவு, பிஸ்டனும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அதற்கு மேல் ரிங் எட்டாத பகுதி தேயாமல் படியாக நின்றுவிடும். அந்தப் படியை எடுக்காமல் புது ரிங்கைப் போட்டால், முதல் ரிங் அதில் மோதி உடையும்.

டயல் போர் கேஜை மைக்ரோமீட்டரில் செட் செய்துகொண்டு, மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில் அளந்து பாருங்கள். ஒவ்வொரு உயரத்திலும் கிராங்க் ஓடும் திசையில் ஒன்று, அதற்குக் குறுக்கே ஒன்று. ஆக ஒரு போருக்கு ஆறு அளவுகள். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் டேப்பர். குறுக்குக்கும் நெடுக்குக்கும் உள்ளது ஓவல். பிஸ்டன் பக்கவாட்டில் சுவரை அழுத்துவதால் குறுக்குத் திசையில்தான் தேய்மானம் கூடும். டேப்பர் 0.1 மி.மீ.யைத் தாண்டினால் ரீபோர் செய்வதே நல்லது.

எம்.ஜி.பி.யின் ஸ்டாண்டர்டு போர் 80.26 மி.மீ. அதற்கு 20, 40, 60 தௌ ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கின்றன. ஒரு போர்தான் மோசம் என்றாலும் நான்கையும் ஒரே அளவுக்கு எடுக்க வேண்டும். 60-க்கும் அடங்காவிட்டால் ஸ்லீவ் அடித்து ஸ்டாண்டர்டுக்குக் கொண்டுவரலாம். பிஸ்டன்கள் கைக்கு வந்த பிறகே பிளாக்கை லேத்துக்குக் கொடுங்கள். ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து, அதைச் செய்த கம்பெனி சொல்லும் இடைவெளி விட்டுத்தான் போர் எடுக்க வேண்டும்.

கேள்வி: போர் கேஜ் இல்லை, ஃபீலர் கேஜ் மட்டும் இருக்கிறது. ஏதாவது வழி உண்டா? – வாசகர், மதுரை

பதில்: உண்டு. ஒரு ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து அதைக்கொண்டு தள்ளினால் ரிங் நேராக உட்காரும். ரிங் முனைகளின் இடைவெளியை மேலே, தேய்ந்த இடத்தில் ஒரு முறையும், கீழே தேயாத இடத்தில் ஒரு முறையும் பாருங்கள். வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் டேப்பர் வந்துவிடும். மேலே 0.95, கீழே 0.45 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.50, டேப்பர் சுமார் 0.16 மி.மீ. ரீபோருக்குப் போக வேண்டிய பிளாக் அது. ஓவலை மட்டும் இந்த முறை காட்டாது.

ரிங் பொருத்தும்போதும் இதே சோதனைதான். ரிங்குடன் வரும் தாளில் உள்ள அளவே முதன்மை. தாள் இல்லாவிட்டால், போரின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 4 தௌ என்பது பழைய கணக்கு, 80 மி.மீ. போருக்குச் சுமார் 0.3 மி.மீ. தேய்ந்த போரில் பார்ப்பதானால், ரிங் இறங்கும் அடிப்பகுதியில் பாருங்கள். போர் குறுகியிருப்பது அங்கேதான். இடைவெளி குறைந்தால் சூட்டில் முனைகள் முட்டி, ரிங் போரைக் கீறும் அல்லது உடையும். அப்படியானால் ஒரு முனையை மட்டும், வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கி அரத்தால் ராவிப் பிசிறெடுங்கள்.

கேள்வி: டிரையம்ப் டி.ஆர்.3-க்கும் இதே முறைதானா? – வாசகர், சென்னை

பதில்: அளக்கும் முறை அதேதான்; வைத்தியம் வேறு. அதில் இருப்பது வெட் லைனர், அதாவது வெளிப்பக்கம் தண்ணீர் நேரடியாகப் படும் லைனர். ஃபெர்குசன் டிராக்டரில் ஓடிய ஸ்டாண்டர்டு கம்பெனி இன்ஜினுக்கு டி.ஆர்.3 இன்ஜின் நெருங்கிய உறவு. தேய்ந்தால் லைனரும் பிஸ்டனும் செட்டாகவே மாற்றிவிடலாம். ஸ்டாண்டர்டு போர் 83 மி.மீ.; டி.ஆர்.4-இன் 86 மி.மீ. செட்டும் பொருந்தும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஹெட்டைக் கழற்றியபின் லைனர்களைக் கிளாம்ப் போட்டுப் பிடிக்காமல் கிராங்கைச் சுற்றாதீர்கள். லைனர் எழும்பி அடியிலுள்ள எட்டு வடிவ கேஸ்கெட் கெடும். பொருத்திய பிறகு லைனர் பிளாக் மட்டத்துக்கு மேல் 3 முதல் 5 தௌ வரை நிற்க வேண்டும். குறைந்தால் ஹெட் கேஸ்கெட் நிற்காது.

கேள்வி: ரீபோர், ஹோனிங் முடிந்து பிளாக் வந்துவிட்டது. இனி என்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், சேலம்

பதில்: முதலில் கழுவுங்கள். ஹோனிங் கல்லின் தூள் குறுக்குக் கோடுகளில் ஒளிந்திருக்கும். மண்ணெண்ணெய் மட்டும் அதை எடுக்காது. சோப்புக் கரைத்த சுடுநீர் விட்டு பிரஷ் போட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியில் துடைத்தால் கறை ஒட்டாத வரை கழுவி, உடனே ஆயில் பூசுங்கள். ரிங்கின் ‘டாப்’ குறி மேலே இருக்கட்டும்; முனைகள் ஒரே நேரில் வராமல் தள்ளித் தள்ளி இருக்கட்டும்.

ஓட ஆரம்பித்ததும் நெடுநேரம் ஐடிலில் விடாதீர்கள். மிதமாகச் சுமை கொடுத்து, வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டினால்தான் ரிங் போரோடு செட் ஆகும். சுமார் 800 கி.மீ.யில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். அன்றே நான்கு சிலிண்டர்களின் கம்ப்ரஷனையும் பார்த்து, வண்டிப் புத்தகத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அடுத்த முறை சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்கள் வேண்டும்.