உழைப்பும் நிறுவனப் பற்றும்

ஜப்பானியன் தன் கம்பெனிக்காக உயிரையும் விடுவான். அமெரிக்கனோ நாலு காசு கூடக் கிடைத்தால் மறுநாளே கம்பெனி மாறிவிடுவான். இப்படி ஒரு பேச்சு நம் மாணவர் விடுதிகளில் நெடுநாளாக உலவி வருகிறது. இரத்தத்தில் ஊறிய குணம் என்றே பலரும் எண்ணுகின்றனர். பௌதிகம் பயிலும் எனக்கு இது ஒப்பவில்லை. ஒரு பொருளின் குணத்தைச் சொல்லுமுன், அது எந்தச் சூழலில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும் அன்றோ?

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். 1913-ஆம் ஆண்டில் ஃபோர்டு மோட்டார் ஆலையில், ஓர் இடத்தில் ஓர் ஆளை நிறுத்தி வைக்க ஆண்டுக்கு மூன்று நான்கு பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. நகரும் வரிசையில் நின்று ஒரே திருகாணியை நாள் முழுதும் முடுக்குவதை யார் சகிப்பார்? 1914-இல் ஃபோர்டு நாளொன்றுக்கு ஐந்து டாலர் என்று அறிவித்து, வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தார். விட்டு ஓடுவது வெகுவாக அடங்கிவிட்டது. (அந்த ஐந்து டாலரைப் பெறத் தகுதியுண்டா என்று தொழிலாளியின் வீட்டுக்கே ஆளனுப்பி விசாரித்தார்கள் என்பதையும் மறக்கலாகாது!) பொதுவாக அந்நாட்டுச் சட்டப்படி, காரணம் சொல்லாமலே முதலாளி ஆளை நீக்கலாம்; ஆளும் காரணம் சொல்லாமலே விலகலாம்.

ஜப்பானிலோ பெரிய கம்பெனிகள் பள்ளியும் கல்லூரியும் முடித்தவர்களை நேரே சேர்த்துக்கொண்டு, வயதோடு சம்பளத்தையும் உயர்த்தி, ஓய்வு வரை வைத்திருந்தன. இது பழங்காலச் சாமுராய்ப் பண்பு என்பது நாம் கேட்ட கதை. வரலாறு வேறு சொல்கிறது. 1950-இல் டொயோட்டாவில் ஆட்குறைப்பை எதிர்த்துப் பெரும் போராட்டம் மூண்டு, நிறுவனரான கீயிச்சிரோ டொயோடாவே தலைவர் பதவியைத் துறந்தார். 1953-இல் நிசானிலும், 1960-இல் மீகே நிலக்கரிச் சுரங்கத்திலும் கடும் போராட்டங்கள் நடந்தன. இத்தனை பூசலுக்குப் பின் இரு தரப்பும் கண்ட உடன்பாடே அந்த ஆயுட்கால வேலை முறை. ‘கெட்ட காலத்திலும் உன்னைக் கைவிடேன்; நீயும் என்னை விட்டுப் போகாதே’ என்பதே அதன் சாரம். அதிலும் பெண்களுக்கும், தற்காலிகத் தொழிலாளருக்கும், சிறு பட்டறைக்காரருக்கும் இடமில்லை. இன்று அங்கே உழைப்போரில் மூன்றில் ஒருவருக்கு மேல் நிரந்தரமற்றவர்கள். அளவுக்கு மீறி உழைத்துச் சாவதற்கு ‘கரோஷி’ என்று ஒரு சொல்லே அங்கே உண்டு.

குணமா, சூழலா என்பதைத் தீர்க்க ஒரு சோதனையும் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் ஃபிரீமாண்ட் என்னும் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய ஆலை, வேலைக்கு வராமையும் சச்சரவும் மிகுந்து 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதைத் திறந்தன. பழைய தொழிலாளரையே பெரும்பாலும் சேர்த்தார்கள். பழைய தொழிற்சங்கமே இருந்தது. ஆனால் கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம். விற்பனை சரிந்தபோதும் ஆட்களை வெளியே தள்ளவில்லை. உள்ளேயே பயிற்சி கொடுத்தார்கள். வராமை சட்டெனக் குறைந்தது. வண்டியின் தரம் ஜப்பானில் செய்ததற்கு இணையாயிற்று. ஆட்கள் அதே அமெரிக்கர்கள்தாம்! (2010-இல் அந்த ஆலையும் மூடப்பட்டது என்பது வேறு கதை.)

இனி நம் ஊருக்கு வருவோம். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்வோர் பாலராமபுரத்தைக் கடந்தே போக வேண்டும். இருநூறு ஆண்டுகளுக்கு முன், பலராமவர்மா மகாராஜா காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து அழைத்து வந்து குடியமர்த்தப்பட்ட சாலியர்கள் இங்கே குழித்தறியில் கசவு முண்டு நெய்து வருகின்றனர். 2009-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கூட்டுறவுச் சங்கங்கள் உண்டு. எனினும் பலர் தனி முதலாளியிடம் நூல் வாங்கி நெய்து கொடுத்துக் கூலி பெறுவோரே.

எங்கள் உறவில் ஒரு பெரியவர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே முதலாளிக்கு நெய்தவர். ஜப்பானியனும் தோற்கும் பற்று எனலாம். 2020-இல் ஊரடங்கு வந்தது, ஓண விற்பனை படுத்தது, நூல் வரவில்லை. அது எப்போது வரும் என்று சொல்லியனுப்பவும் ஆளில்லை. “நூலு வந்தா நெய்வேன் மக்களே, வராட்டி நான் என்ன செய்ய?” என்றார் என்னிடம். முன்பு வாங்கிய முன்பணம் மட்டும் கணக்கில் அப்படியே நின்றது. வேறிடம் போகாமல் அவரைக் கட்டிவைத்தது பற்றா, அந்தக் கடனா? நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவருடைய மகன் இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு கடையில் நிற்கிறான்.

சென்ற மாதம் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வில், “எத்தனை ஆண்டு எங்களோடு இருப்பீர்?” என்று கேட்டார்கள். “மூன்று ஆண்டாவது” என்று சொல்லி வைத்தேன். பேருந்தில் திரும்பி வரும்போதுதான், விற்பனை படுத்தால் அவர்கள் என்னை எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்று நான் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.