வீரச் சிறுவர் விருதும் நாம் கற்கவேண்டிய பாடமும்



வீரம் என்றவுடன் வாளேந்திய மன்னர்களும் போர்க்களங்களும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆயினும், புத்தகப் பை சுமக்கும் பருவத்தினரும் வீரராகத் திகழலாம் என்பதை உணர்ந்து, இந்திய நாட்டில் அவர்களுக்கென்றே தேசிய விருது ஒன்று தோற்றுவிக்கப்பட்டது. அவ்விருதின் வரலாற்றையும், அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடத்தையும் இக்கட்டுரையில் காண்போம்.

1957ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள். டில்லி மாநகரின் இராம்லீலா மைதானத்தில் நிகழ்ச்சியொன்று நடைபெற்றுக்கொண்டிருந்தது. அன்றைய பிரதமர் ஜவகர்லால் நேருவும் அங்கு அமர்ந்திருந்தார். திடீரெனத் துணிப்பந்தலில் தீப்பற்றியது. மக்கள் வெளியேற வழியின்றித் தவித்தனர். அங்குத் தொண்டாற்றிக்கொண்டிருந்த ஹரிஷ் சந்திரா என்னும் 14 வயதுச் சாரணச் சிறுவன், தன்னிடமிருந்த கத்தியால் பந்தல் துணியைக் கிழித்தான். அதனால் பலர் உயிர் தப்பினர். அவனுடைய கைகளோ தீப்புண்பட்டன.

இச்செயலை அறிந்து நெகிழ்ந்த நேரு, நாடெங்கிலுமுள்ள வீரச் சிறுவர்களைப் பாராட்ட வழி செய்தல் வேண்டும் என விரும்பினார். அதன் பயனாக, இந்தியக் குழந்தைகள் நல மன்றம் தேசிய வீர விருதைத் தோற்றுவித்தது. 1958ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள் நேருவே முதல் விருதினை வழங்கினார். 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகள் இதற்குத் தகுதியுடையவர்கள். பதக்கமும் சான்றிதழும் பணமுடிப்பும் அளிப்பதோடு நில்லாமல், அவர்களின் கல்விக்கும் மன்றம் உதவி செய்தது. குடியரசு தின அணிவகுப்பில் இப்பிள்ளைகள் அலங்கரித்த யானைகளின்மீது அமர்ந்து ஊர்வலம் வந்த காட்சி, பல்லாண்டுகள் மக்களின் உள்ளம் கவர்ந்ததாகும்.

அண்மைக் காலத்தில் இந்திய அரசு, பிரதமரின் தேசியச் சிறுவர் விருது என்னும் திட்டத்தின்கீழ், கலை, விளையாட்டு, அறிவியல் முதலிய துறைகளோடு வீரத்திற்கும் இடமளித்துள்ளது. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இவ்விருதுகளைக் குடியரசுத் தலைவர் வழங்கினார்.

இனி, நாம் நின்று சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீர விருது பெற்ற பிள்ளைகள் அனைவரும் உயிரோடு வந்து அதனைப் பெற்றுக்கொண்டவர்கள் அல்லர். பிறரைக் காக்கச் சென்று தம்முயிர் நீத்தவர்களும் அவர்களுள் உளர். அத்தகைய பிள்ளையின் பெயர் அழைக்கப்படும்போது, மேடையேறிக் கைநீட்டுபவர் ஈன்ற தாயோ தந்தையோ ஆவர். அப்பதக்கத்தை வீட்டுச் சுவரில் மாட்டும் பெற்றோரின் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை எண்ணிப் பாருங்கள். அப்பிள்ளைகளின் தியாகம் போற்றுதற்குரியது. எனினும், அவ்வாறு உயிர் இழக்கவேண்டும் என்பது எந்த விருதின் நோக்கமும் அன்று.

ஹரிஷ் சந்திராவின் செயலை மீண்டும் நோக்குவோம். அவன் கண்ணை மூடிக்கொண்டு தீயில் குதிக்கவில்லை. சாரணர் பயிற்சி அவனுக்குத் துணை நின்றது. கையிலே கருவி இருந்தது. துணியைக் கிழித்தால் வழி பிறக்கும் என்று அறிவு கூறியது. அறிவு வழிகாட்டத் துணிவு பின்சென்றது. வள்ளுவப் பெருந்தகையும் அச்சத்தைப் பற்றி ‘அறிவுடைமை’ அதிகாரத்தில் பேசுகின்றார். எதற்கு அஞ்சுவது, எதற்கு அஞ்சாமலிருப்பது எனப் பகுத்தறிதல் அறிவின் வேலை என்பதாலன்றோ அது அங்கு அமைந்தது!

நம் தோட்டப்புறங்களில் ஆறும் வாய்க்காலும் உண்டு. பழைய ஈயக்குட்டைகளை அடுத்து வாழ்வோரும் உளர். நண்பன் நீரில் தத்தளிக்கக் கண்டால், நீச்சல் அறியாதவன் குதித்துவிடுவது வீரமன்று. மூழ்குபவன் பற்றிக்கொண்டால் இருவரும் மூழ்க நேரிடும். உரத்த குரலெழுப்பிப் பெரியவர்களை அழையுங்கள். கரையில் படுத்தவாறு நீண்ட கழியை நீட்டுங்கள். கயிற்றையோ காற்றடைத்த பந்தையோ அவனிடம் வீசுங்கள். மின்சாரம் தாக்கியவனைக் கையால் தொடாதீர்கள். முதலில் மின்னோட்டத்தை நிறுத்தச் செய்யுங்கள். வீட்டில் தீப்பற்றினால் புகைக்குக் கீழே தாழ்ந்து ஊர்ந்து வெளியேறுங்கள். பொருளை எடுக்க மீண்டும் உள்ளே செல்லாதீர்கள். 999 என்னும் எண்ணை அழைத்து, தோட்டத்தின் பெயரையும் இடத்தையும் பதறாமல் கூறுங்கள். இதுவும் வீரமே.

பெற்றோர்களே! பிள்ளைகளுக்கு நீச்சல் கற்பியுங்கள். சாரணர் இயக்கத்திலும் செம்பிறைச் சங்கத்திலும் அவர்கள் சேர விரும்பினால் தடை சொல்லாதீர்கள். மாலை வேளையில் நடைபெறும் அப்பயிற்சி வீண்பொழுது அன்று. என்றேனும் ஒருநாள் ஓர் உயிரைக் காக்கும் கல்வி அது.

மாணவர்களே! விருது எல்லார்க்கும் கிட்டுவதில்லை. ஆயினும், ஆபத்து வேளையில் கலங்காத நெஞ்சமும் தெளிந்த அறிவும் முயன்றால் எல்லார்க்கும் கைகூடும். பிறரைக் காப்போம்; நம்மையும் காத்துக்கொள்வோம். வீடு திரும்பும் பிள்ளையே பெற்றோர்க்கு முதற் பரிசு என்பதை என்றும் மறவாதிருப்போமாக!