சமையலறை அலமாரிக்குப் புதுக் கதவு: தேர்வும் அளவும்

புனே நகரின் பழைய அடுக்குமாடி வீடுகளில் சமையலறைகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இருப்பதைக் காண்கிறோம். மராத்தியர் ‘ஓட்டா’ என்று அழைக்கும் சமையல் மேடை மேலே இருக்கும். அதைக் கடப்பைக் கல் பலகைகள் தாங்கும். கற்களுக்கு இடைப்பட்ட அறைகளை, மரச் சட்டத்தில் பொருத்திய கதவுகள் மூடும். கல்லுக்கு வயதாவதில்லை, கதவுக்கு ஆகிறது. அடி விளிம்பில் மைக்கா பிரிகிறது, கழுவுதொட்டியின் கீழ்ப் பலகை உப்புகிறது, கீலின் திருகு பிடிப்பை இழக்கிறது. அப்போது நமக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டு ‘கிச்சன் டிராலி’ போடுங்கள் என்பதுதான். மாடுலர் சமையலறைக்கு இந்நகரில் வழங்கும் பெயர் அது. சட்டமும் கூடும் உறுதியாக இருக்குமானால் அந்தப் பெருஞ்செலவு தேவையில்லை. கதவுகளை மட்டும் மாற்றினால் கல்லையும் ஓட்டையும் குழாயையும் தொடாமலே வேலை முடிந்துவிடும்.

ஆனால் ‘இருக்குமானால்’ என்ற சொல்லை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பழைய கீலைக் கழற்றி, திருகு இறங்கியிருந்த இடத்தைத் திருப்புளியின் முனையால் குத்திப் பார்ப்போம். மரம் உறுதியாக எதிர்த்தால் நன்று. முனை எளிதில் இறங்கினாலோ, தூள் கொட்டினாலோ, கரையான் தடம் தெரிந்தாலோ, அச்சட்டத்தை மாற்றாமல் புதுக் கதவு மாட்டுவது வீண். கூடு பார்ட்டிக்கிள் போர்டால் ஆனது என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒருமுறை நீர் குடித்து உப்பிய பார்ட்டிக்கிள் போர்டு திருகை மீண்டும் பிடிப்பதில்லை.

கதவுக்கு எந்தப் பலகை என்பது அடுத்த கேள்வி. புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்றில் ஈரம் மிகும். கழுவுதொட்டியின் கீழோ ஆண்டு முழுவதும் ஈரம்தான். தொட்டியின் கீழ்க் கதவுக்கு ஐ.எஸ். 710 தரத்து மரைன் பிளைவுட்டும், மற்றவற்றுக்கு ஐ.எஸ். 303 தரத்தில் பி.டபிள்யூ.ஆர். வகையும் போதும் என்பது நம் கருத்து. எல்லாக் கதவுகளுக்கும் உயர்ந்த வகையே வேண்டும் என்பது பெரும்பாலும் விற்பவரின் ஆர்வம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ‘சி.எம்./எல்.’ என்று தொடங்கும் உரிம எண்ணும் முழுப் பலகையில்தான் அச்சாகியிருக்கும். அறுத்து மைக்கா ஒட்டிய கதவில் அவற்றைத் தேட முடியாது. எனவே பலகையை அறுப்பதற்கு முன்பே கடைக்குச் சென்று பார்ப்பது நல்லது. பவானி பேட்டில் உள்ள மரச்சந்தைக்கு (‘பேட்’ என்பது நம் ‘பேட்டை’யேதான்) ஒரு நடை போவது வீண்போகாது. அந்த உரிம எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

மைக்கா இரு பக்கமும் ஒட்டப்பட வேண்டும். உட்புறம்தானே என்று ஒரு பக்கத்தை விட்டால், அந்தப் பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கிக் கதவு வளையும். தேக்குக் கதவை விரும்புவோர், மரம் மழையில் அகலவாக்கில் பருக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மே மாதத்தில் ஒட்டினாற்போல் பொருத்திய கதவு ஜூலையில் இறுகும்.

இனி அளவு. செலவு வீணாவதும் மிச்சமாவதும் இங்கேதான் தீர்மானமாகின்றன.

தமிழகத்துத் தச்சர் அங்குலத்தை எட்டாகப் பகுத்து ஒவ்வொரு பகுதியையும் ‘நூல்’ என்பர். புனேத் தச்சர் அதையே ‘சூத்’ என்பர். அச்சொல்லுக்கும் நூல் என்றே பொருள். மொழி மாறினாலும் அளவு மாறவில்லை என்பது நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் இந்த வேலைக்கு அந்த அளவு போதாது. ஒரு நூல் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். இரு கதவுகளுக்கு நடுவிலும் பக்கங்களிலும் நாம் விடும் இடைவெளியோ 2 மில்லிமீட்டர். அளவுகோலின் சிறு பிரிவே இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால் கணக்கு நிற்காது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். இரண்டு கதவுகள் சட்டத்துக்குள் அடங்கி மூடும் ஒரு திறப்பின் அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளக்கிறோம். 866, 865, 864 மி.மீ. என்று வருகின்றன. கல்லோடு பொருத்திய சட்டங்களில் இத்தகைய வேறுபாடு இயல்பே; மூன்றில் சிறியதையே எடுக்க வேண்டும். 864-இல் இரு பக்கங்களுக்கும் நடுவுக்குமாக 6 கழித்தால் 858. ஒரு கதவுக்கு 429 மி.மீ. இது 16 அங்குலம் 7 நூல். இதை ஒருவர் ‘ஏறத்தாழ 17 அங்குலம்’ என்று முழுதாக்கிச் சொல்லிவிட்டால், ஒரு கதவு 431.8 மி.மீ., இரண்டும் சேர்ந்து 863.6 மி.மீ. ஆகும். மிஞ்சும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இல்லை, கதவுகள் மூடா. பிழை ஒரு நூல்தான். போவது இரண்டு கதவுகள்.

உயரத்தையும் இடம், வலம் என இரு பக்கமும் அளந்து சிறியதைக் கொள்வோம். மூலைக்கு மூலை அளந்து, இரண்டு குறுக்களவுகளும் ஒத்திருக்கின்றனவா என்றும் பார்ப்போம். மிகுந்த வேறுபாடு இருந்தால் திறப்பு கோணியிருக்கிறது, சட்டத்தைத் திருத்திய பின்பே கதவு செய்ய வேண்டும். பழைய கதவை அளந்து அதையே கொடுத்துவிடுவது எளிது; ஆனால் அது ஏதோ ஒரு மழைக்காலத்தில் இழைத்துக் குறைக்கப்பட்ட கதவாகவும் இருக்கலாம்.

கதவு சட்டத்துக்குள் அடங்காமல் கூட்டின் மேல் படிந்து மூடுவதாயின், திறப்பை அன்றிக் கூட்டின் வெளியகலத்தை அளக்க வேண்டும். வெளியகலம் 900 என்றால், அதே 6 மி.மீ.-ஐக் கழித்து, கதவுக்கு 447 மி.மீ. கீலும் இதற்கேற்ப மாறும். கடைகளில் ‘ஆட்டோ ஹிஞ்ச்’ எனப்படும் கிண்ணக் கீலில், முழுதும் படியும் கதவு, பாதி படியும் கதவு, உள்ளடங்கும் கதவு என மூன்றுக்கும் வெவ்வேறு வளைவுகள் உண்டு. கடைக்காரர் ‘எந்தக் கிராங்க்’ என்று கேட்பது இதைத்தான். பழைய கிண்ணக் கீலையே பயன்படுத்துவதாயின், கதவின் மேல் விளிம்பிலிருந்து ஒவ்வொரு கிண்ணத் துளையின் மையம் வரையும், பக்க விளிம்பிலிருந்து மையம் வரையும் குறித்துக்கொள்வோம். துளையின் விட்டம் வழக்கமாக 35 மி.மீ.

கொடுக்கும் அளவு, விளிம்புப் பட்டை ஒட்டிய பிறகான அளவா, ஒட்டுமுன் அறுக்கும் அளவா என்பதையும் எழுத்தில் தெளிவாக்க வேண்டும். 2 மி.மீ. பட்டை இரு புறமும் ஒட்டினால் அகலம் 4 மி.மீ. கூடும். இரு கதவுகளிலும் சேர்ந்து, நாம் விட்ட இடைவெளி முழுவதையும் அதுவே தின்றுவிடும்.

சிலிண்டர் வைக்கும் அறையின் கதவுக்குத் தனி விதி. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அழகுக்காக அடிவரை அடைத்த கதவை அங்கே மாட்டலாகாது. கீழே காற்றோட்டத் துளைகளோ வலையோ வேண்டும். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு காற்றைவிட இலேசானது. அக்குழாய் செல்லும் அறைக்கு மேற்புறத்தில் திறப்பு வேண்டும்.

விலையைச் சதுர அடியில் சொல்வார்கள். 429-க்கு 700 மி.மீ. அளவுள்ள கதவு சுமார் 3.2 சதுர அடி. எட்டுக்கு நான்கு அடிப் பலகை 32 சதுர அடி என்பதால் பத்துக் கதவுகள் கிடைக்கும் என்று தோன்றும். மைக்காவின் கோடுகள் எல்லாக் கதவுகளிலும் மேலிருந்து கீழாக ஓட வேண்டுமானால் ஆறுதான் தேறும். மீதியில் சுமார் 36 சென்டிமீட்டர் அகலமுள்ள நீண்ட துண்டு ஒன்று நிற்கும். பணம் முழுப் பலகைக்கா, கதவின் பரப்புக்கா, அந்தத் துண்டு யாருக்கு என்பதை முன்னரே பேசிக்கொள்வோம். முழுப் பலகைக்குக் கொடுத்திருந்தால் இழுப்பறைகளின் முகப்பை அதிலேயே செய்துகொள்ளலாம்.

நம் அளவுக்கு அறுத்த கதவைக் கடை திரும்ப வாங்காது. ஆகவே ஒவ்வொரு அறைக்கும் எண்ணிட்டு, அளவுகளை மில்லிமீட்டரில் எழுதி, அளவெடுத்தவரின் கையொப்பம் பெற்ற பிறகே முன்பணம் தருவோம். அளவெடுப்பவர் தச்சரே ஆயின், கதவு பொருந்தாவிட்டால் பொறுப்பும் அவருடையதே என்பது அத்தாளில் இருக்கட்டும். பணம் வங்கிக் கணக்கு வழியே செல்லட்டும். ரசீதில் பலகையின் தர எண்ணும் இடம்பெறட்டும். கடைசித் தவணையை, எல்லாக் கதவுகளும் மாட்டப்பட்டு, ஒவ்வொன்றையும் நாமே திறந்து மூடிப் பார்த்த பின் கொடுப்போம்.